சந்தியோகு கேட்ட வாங்கு

இன்னும் கொஞ்சம் கிட்ட வாங்கோ, என்ரை செல்வங்கள். வாசலிலை நிக்கிற பிள்ளையும் உள்ளுக்கு வரட்டும், பாயிலை இடம் கிடக்கு. இண்டைக்கு ஒரு மனிசன்ரை கதை சொல்லப் போறன். அவர் கேட்டது இருக்க ஒரு இடம், அவ்வளவுதான். கதை கொஞ்சம் கைக்கும். கைச்சாலும் கடைசி மட்டும் கேளுங்கோ, நான் உங்களை அந்தரத்திலை விட்டிட்டுப் போகமாட்டன்.

தொண்ணூற்றிரண்டாம் ஆண்டு, சண்டைக் காலம். யாழ்ப்பாணத்து இணுவிலில் தியாகராசா என்றொருவர் சுருட்டுக் கொட்டில் வைத்திருந்தார். ஒன்பது பேர் பாயில் இருந்து சுருட்டுச் சுற்றினார்கள். சுருட்டுக் கொட்டிலைக் கண்ணால் காணாத பிள்ளைகளுக்கு இதைச் சொல்ல வேண்டும்: அங்கே வேலை கைக்கு மட்டுந்தான். காதும் மனசும் சும்மா கிடக்கும். விடிந்ததிலிருந்து பொழுது படும்வரை அதே இலை, அதே உருட்டு, அதே நறுக்கு. அதனால் எங்கள் பக்கத்துக் கொட்டில்களில் ஒரு வழக்கம் இருந்தது. ஒருவர் உயரமான வாங்கில், நீட்டுப் பலகை இருக்கையில், இருந்து சத்தமாகப் பேப்பர் வாசிப்பார். மற்றவர்கள் கேட்டுக்கொண்டே சுற்றுவார்கள். பேப்பர் முடிந்தால் தொடர்கதை. வாசிக்கிறவருக்கும் சம்பளம் உண்டு. வாசிப்பு நின்றால் கையும் நின்றுவிடும் என்று முதலாளிமாருக்குத் தெரியும்.

தியாகராசாவின் கொட்டிலில் பதினாறு வருசம் வாசித்தவர் இராசநாயகம் மாஸ்டர். அந்த ஆடி மாதம் அவர் கிளாலியால் படகேறிக் கொழும்புக்குப் போய், அங்கிருந்து கனடாவிலுள்ள மகளிடம் போய்ச் சேர்ந்துவிட்டார். வாங்கு வெறுமையாய்க் கிடந்தது. கரண்ட் இல்லை. ரேடியோவுக்குப் பற்றரி இல்லை. ஒன்பது பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துச் சலித்து, யார் வீட்டு ஆடு யார் வேலிக் கிளுவையைத் தின்றது என்று அடிபடுகிற அளவுக்கு வந்துவிட்டார்கள். சுருட்டுக் கட்டுகளும் நாளுக்கு நாள் குறைந்தன.

ஒரு பின்னேரம் தியாகராசா சைக்கிளில் அகதி முகாமைக் கடந்து போனார். முகாம் என்றால் பள்ளிக்கூடந்தான். கடற்கரைப் பக்கம் ஷெல் விழத் தொடங்கிய பிறகு ஓடி வந்த குடும்பங்கள் வகுப்புக்கு நாலு குடும்பமாக அங்கே இருந்தன. வேலிக்கு உள்ளேயிருந்து ஒரு குரல் வந்தது. பேப்பர்ச் செய்திதான். ஆனால் மண்ணெண்ணெய்ப் பங்கீட்டு அறிவித்தலைக்கூட அந்தக் குரல், போர்க்களத்துக்குப் போகிற அரசன் மக்களிடம் விடைபெறுவது போலச் சொன்னது. தியாகராசா ஒரு காலை நிலத்தில் ஊன்றிக்கொண்டு அப்படியே நின்றுவிட்டார்.

குரலுக்குரியவர் சந்தியோகு. குருநகர்க்காரர். வயது நாற்பத்தெட்டு. ஊர்க் கூத்துகளில் இருபது வருசம் அரச வேடம் கட்டியவர்; மாதா கோயிலில் ஞாயிற்றுக்கிழமை வாசகம் வாசிப்பதும் அவர்தான். வள்ளத்தைக் கரைக்கு இழுக்கும்போது விழுந்த ஷெல்லில் இடது கால் முழங்காலுக்கு மேலாகப் போய்விட்டது. வாங்கிலோ நாற்காலிக் கதிரையிலோ இருந்தால் ஊன்றுகோலைப் பிடித்துத் தானாகவே எழும்புவார். நிலத்தில் இருந்தால் தூக்கிவிட இரண்டு ஆள் வேண்டும். கடல் போனது, கால் போனது; குரல் ஒன்றுதான் அவரிடம் மிச்சம்.

"உம்மடை பேர் என்ன?" என்று தியாகராசா வேலிக்கு மேலால் கேட்டார்.

"சந்தியோகு."

"எவடம்?"

"குருநகர்."

பேரும் ஊரும் சேர்ந்தால் மிச்சத்தைக் கேட்கத் தேவையில்லாத நாடு இது. தியாகராசா ஒருமுறை தொண்டையைச் செருமினார். பிறகு, "என்ரை கொட்டிலிலை வாசிக்க ஒரு ஆள் தேவை. உந்தக் குரல் எனக்கு வேணும்" என்றார்.

"நான் நிலத்திலை இருக்கேலாது, முதலாளி. உயர ஒரு இடம் தந்தியளெண்டால் விடிய இருந்து பொழுதுபடும் மட்டும் வாசிப்பன்."

"ஓம், நல்ல வாங்கு கிடக்கு. மாஸ்டர் இருந்த வாங்கு. அதிலை நீர் இரும்."

அன்றிரவு சந்தியோகுவின் பெண்சாதி மரியநாயகி அடுப்படியில் சிரித்தாள். பல மாதத்துக்குப் பிறகு வந்த சிரிப்பு. அவள் இணுவில் தோட்டங்களில் வெங்காயம் கிண்டப் போய்த்தான் அந்தக் குடும்பம் கஞ்சி குடித்தது. விரலெல்லாம் தோலுரிந்து கிடந்தது. "காலைக் கொண்டுபோன ஷெல்லு வாயையும் கொண்டு போயிருக்கும். மாதாதான் அதை மறைச்சுப் பிடிச்சிருக்கிறா" என்றாள்.

"உன்ரை வாயையும் எல்லே மறைச்சுப் பிடிச்சவ?" என்றார் சந்தியோகு.

முதல்நாள் தியாகராசா அவரைக் கூட்டிக்கொண்டு போய் எல்லோருக்கும் காட்டினார். தேத்தண்ணி வந்தபோது சந்தியோகுவுக்கும் மற்றவர்களின் கிளாஸிலேயே ஊற்றுவித்தார். "பாரும், இஞ்சை ஒரே கிளாஸ்தான். என்ரை கொட்டிலிலை வித்தியாசம் ஒண்டும் கிடையாது" என்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னார். உண்மையிலேயே அதில் அவருக்குப் பெருமை. சந்தியோகுவுக்கும் நெஞ்சு நிறைந்தது.

வாங்கில் இருந்து பேப்பரை விரித்தார். தாள் தட்டுப்பாட்டால் அந்த நாளில் கோடு போட்ட கொப்பித் தாளிலும் பேப்பர் அடித்தார்கள். வாசிக்க வாசிக்க எட்டு முகங்கள் அவரை நோக்கி நிமிர்ந்தன. கூத்து மேடைக்குப் பிறகு இத்தனை முகத்தை அவர் ஒன்றாகப் பார்த்ததில்லை. கனகரத்தினம் என்ற இளந்தாரி சிரிக்கிற இடத்தில் சிரித்தான், "ஐயோ" என்கிற இடத்தில் "ஐயோ" என்றான். கை மட்டும் தன் பாட்டில் சுற்றியது.

ஒருவர் மட்டும் நிமிரவில்லை. அவர் பரமலிங்கம், கொட்டிலில் மூத்த சுருட்டுக்காரர். வெற்றிலை துப்பவென்று மூன்று தரம் எழும்பி வெளியே போனார்.

மத்தியானம் கொட்டிலின் பின்புறத்தில் பேச்சுக் கேட்டது. தென்னோலைக் கிடுகுச் சுவர், ஒன்றையும் மறைக்காது. சந்தியோகு வாங்கில் இருந்தபடியே எல்லாவற்றையும் கேட்டார்.

"தியாகு, குரல் நல்ல குரல். குரலைப் பற்றி ஒரு கதையுமில்லை" என்றார் பரமலிங்கம்.

"அப்ப என்ன அண்ணை?"

"நாங்கள் நிலத்திலை, உவன் வாங்கிலை. என்ரை தலைக்கு நேரை உவன்ரை கால்."

"ஒரு கால்தானே அண்ணை" என்று கனகரத்தினத்தின் குரல் வந்தது.

"பொத்தடா வாயை! மாஸ்டர் இருந்தார் எண்டால் அவர் மாஸ்டர். கடற்கரையிலை வலை இழுத்தவன் எங்களுக்கு மேலை இருக்கிறதோ? என்ரை அப்பர் கேட்டால் சுடலையிலையிருந்து எழும்பி வருவார்."

"மெல்லக் கதையுங்கோ அண்ணை. உது இயக்கப் பெடியளின்ரை காதுக்குப் போனால் என்னையெல்லே கூப்பிட்டு விசாரிப்பாங்கள்."

ஓம் பிள்ளைகள், சாதி என்ற சொல்லை வெளியே விடப் பயந்த காலம் அது. இயக்கம் போட்டது சொல்லுக்குத்தான் தடை. அதனால் ஆட்கள் சொல்லை விட்டுவிட்டு, வாங்கையும் கதிரையையும் பிடித்துக்கொண்டார்கள்.

அடுத்த நாள் சந்தியோகு வந்தபோது வாங்கைக் காணவில்லை.

"அதின்ரை கால் ஆட்டம் கண்டிட்டுது. நீர் விழுந்து கிழுந்து போடுவீர் எண்டு தச்சுப் பட்டறைக்கு அனுப்பிப்போட்டன்" என்றார் தியாகராசா, வேறெங்கோ பார்த்துக்கொண்டு.

சந்தியோகு நின்றபடி வாசித்தார். ஒரு கையில் ஊன்றுகோல், மறுகையில் பேப்பர். பக்கம் பிரட்ட வேண்டும் என்றால் பல்லால் பிடித்தார். மூன்று நாள் அப்படி வாசித்தார். மூன்றாம் நாள் அக்குளில் இரத்தம் கண்டது. தியாகராசா அதைப் பார்த்துவிட்டு மெய்யாகவே கவலைப்பட்டார். "உள்ளுக்கு இருட்டு, உமக்கும் கண் நோகும். வெளியிலை யன்னலடியிலை உரல் ஒண்டு கவிண்டு கிடக்கு. அதிலை இருந்து வாசியும். வெளிச்சத்துக்கு வெளிச்சம், காத்துக்குக் காத்து" என்றார்.

கவிழ்த்த உரல் நல்ல உயரந்தான். சந்தியோகு தாழ்வாரத்தில் இருந்து யன்னலுக்குள் வாசித்தார். யன்னல் அவர் தலைக்கு மேலே இருந்ததால் உள்ளே ஒரு முகமும் தெரியாது. அவர் கண்ணுக்கு முன்னால் ஒழுங்கையும் எதிர்வீட்டு வேலியும். உள்ளே சிரித்தால் சிரிப்புக் கேட்கும். யார் சிரித்தது என்று தெரியாது. ஒழுங்கையால் சைக்கிளில் போன ஒருவர் கால் ஊன்றிக் கேட்டார்:

"ஆருக்கண்ணை வாசிக்கிறியள்?"

"சுவருக்கு."

"சுவர் கேக்குதோ?"

"நல்லாக் கேக்குது. எழும்பித்தான் வருகுதில்லை."

ஆவணி போய் புரட்டாதி வந்தது. தொடர்கதையில் ஒரு தாய் மகனைத் தேடி அலைகிற இடம் வந்த நாளில் உள்ளே ஒரு சத்தமும் இல்லை. சுருட்டு நறுக்குகிற கத்திகூட நின்றுவிட்டது. வாசித்து முடிந்ததும் பரமலிங்கம் மூக்கைச் சிந்துவது யன்னலால் கேட்டது. "என்ன குரலடா இது, மனிசனைக் கொல்லுற குரல்" என்றார் அவர்.

அதற்கு இரண்டு நாளுக்குப் பிறகு, மற்றவர்கள் வருவதற்கு முதல், பரமலிங்கம் தாழ்வாரத்தைச் சுற்றிக்கொண்டு வந்தார். நேரே பார்க்கவில்லை. ஒழுங்கையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஒண்டு சொல்லவேணும்" என்றார்.

"சொல்லுங்கோ ஐயா."

"என்ரை கடைசிப் பெடியன் இயக்கத்துக்குப் போய் ஒரு வருசமாப் போச்சு. எங்கை நிக்கிறான் எண்டு தெரியாது. பேப்பரிலை செத்த பெடியளின்ரை பேர் வாறதெல்லே... நீ வாசிக்க முதல் அதைப் பாத்துவைச்சுக்கொள். அவன்ரை பேர் கிடந்தால் சத்தமா வாசிச்சுப் போடாதை. அத்தனை பேருக்கு முன்னாலை எனக்கு ஏலாது. பின்னேரம் தனிய வந்து சொல்லு."

மகனின் முழுப் பேரையும் சொன்னார். சொல்லும்போது வாய் கோணியது. சந்தியோகுவுக்கும் கண் கலங்கியது. "நான் பாத்துக்கொள்ளுறன் ஐயா. நீங்கள் யோசியாதேங்கோ" என்றார்.

அன்றிலிருந்து ஒவ்வொரு நாளும் சந்தியோகு முதலில் அந்தப் பட்டியலைப் பார்ப்பார். பேர் இல்லை என்றால் யன்னலுக்குள், "இண்டைக்கு வானிலை நல்லா இருக்கும்" என்று தொடங்குவார். அது அவர்கள் இரண்டு பேருக்கு மட்டும் விளங்கும். உயிரையே இன்னொருத்தன் வாயில் ஒப்படைத்த மனிசன், அவனுக்கு ஒரு வாங்கை ஒப்படைக்க மாட்டாரா? சந்தியோகு அப்படித்தான் நம்பினார். ஒரு நாள் பரமலிங்கமே வந்து, "போதும், உள்ளுக்கு வா" என்பார் என்று எதிர்பார்த்து இருந்தார்.

ஐப்பசி மழை வந்தது. ஆள் வரவில்லை.

தாழ்வாரம் ஒழுகியது. சாரல் அடித்துப் பேப்பர் நனைந்தது. வெட்டிய காலின் நுனி ஈரத்தில் ஊறிப் புண்ணாகிவிட்டது. மருந்து இல்லை. மரியநாயகி வேப்பிலை அவித்துக் கழுவிவிடும்போது, "வாய் திறந்து கேளுங்கோவன். உங்களுக்கென்ன வாய் இல்லையே?" என்றாள். அவர் கேட்டார்.

"முதலாளி, மழைக்கை இருக்கேலாமல் கிடக்கு. உள்ளுக்கு ஒரு வாங்கு தாருங்கோ. வேறை ஒண்டும் கேக்கேல்லை."

தியாகராசா நனைந்து கிடந்த உரலைப் பார்த்தார். கெட்ட மனிசன் இல்லை அவர். அதுதான் இந்தக் கதையில் பெரிய துன்பம். "நாளைக்கு உள்ளுக்கு வாரும். வாங்கைத் திருத்தி எடுப்பிக்கிறன்" என்றார்.

மரியநாயகி இரவோடிரவாக அவருடைய வெள்ளைச் சட்டையைத் தோய்த்து அடுப்புச் சூட்டில் காயவைத்தாள். காலையில் தலைமயிரைப் படிய வாரி, நெற்றியில் சிலுவை போட்டு அனுப்பினாள்.

கொட்டிலுக்குள்ளே நடு இடத்தில் வாங்கு இருந்தது. அதே வாங்குதான். நாலு காலையும் நாலு விரல் உயரத்துக்கு அரிந்திருந்தார்கள். அரிந்த இடம் வெள்ளை வெளேரென்று தெரிந்தது. மற்றவர்கள் பாயில் போட்டு இருக்கிற மணைப் பலகையை விடவும் அது பதிவு, தாழ்வு.

"நீர் தவறி விழுந்தாலும் அடிபடாதெல்லே? அதுக்குத்தான் இப்படிச் செய்விச்சனான்" என்றார் தியாகராசா.

சந்தியோகு வாங்கைப் பார்த்தார். ஒன்பது பேரையும் பார்த்தார். எல்லோரும் புகையிலையில் நரம்பு கிழிப்பதில் மும்முரமாக இருந்தார்கள். அவர்களுக்கு உயரம் என்றால் பெருமை. இந்த மனிசனுக்கு உயரம் என்றால் எழும்பி நிற்கிற வழி. அதை ஒருவர்கூட யோசிக்கவில்லை. யோசித்த ஒருவர் இருந்திருந்தால் அவரும் சொல்லவில்லை.

"வாங்கோ அண்ணை, நான் பிடிக்கிறன்" என்று கனகரத்தினம் எழும்பி வந்து அக்குளில் கை கொடுத்து மெல்ல இறக்கினான். "கூத்திலை இராசா எல்லே நீங்கள்? இராசாவைத் தூக்கி இறக்க ஆள் வேணுந்தானே" என்று பகிடி விட்டான். நல்ல மனசோடுதான் சொன்னான். சந்தியோகுவும் சிரித்தார். என்ன செய்வது?

ஒற்றைக் காலின் முழங்கால் நெஞ்சில் இடித்தது. வயிறு மடிந்து கிடந்தது. அடிவயிற்றிலிருந்து வருகிற அந்தக் குரல் பாதியில் நின்றது. "கொஞ்சம் சத்தமா வாசி" என்றார் பரமலிங்கம், மேலேயிருந்து. ஒன்றுக்குப் போக வேண்டும் என்றால் வாய்விட்டுக் கேட்க வேண்டும். கனகரத்தினமும் இன்னொருவனும் கையைத் துடைத்துக்கொண்டு வர வேண்டும். அதனால் சந்தியோகு மத்தியானம் வரை தண்ணீர் குடிப்பதை நிறுத்தினார்.

ஐந்தாம் நாள், பத்துமணி இருக்கும், குண்டு போடுகிற பிளேன், பொம்பர் வந்தது.

சத்தம் கேட்ட உடனே கத்தி, பலகை, இலை எல்லாம் நாலு பக்கமும் பறந்தன. கொட்டிலுக்குப் பின்னால் பங்கர், அதுதான் பதுங்குகுழி, வெட்டி இருந்தது. ஒன்பது பேரும் முதலாளியும் அதற்குள் பாய்ந்தார்கள். சந்தியோகு ஊன்றுகோலைக் குத்தி எழும்பப் பார்த்தார். அந்தப் பதிவிலிருந்து ஏலவில்லை. இரண்டாம் முறை வழுக்கி, புண்ணான கால் நுனி நிலத்தில் அடிபட விழுந்தார்.

"தம்பி! கனகரத்தினம்! என்னைப் பிடியடா!"

பத்து ஊர் கேட்கிற குரல் அது. பங்கர் இருபது அடி தூரம். ஒருவரும் வரவில்லை. கூரைக்கு மேலால் பொம்பர் இரண்டு தரம் சுற்றியது. கிடுகு அதிர்ந்து, தூசி அவர் முகத்தில் கொட்டியது. அவர் குப்புறப் படுத்து, புகையிலைக் குவியலுக்குள் தலையை வைத்துக்கொண்டு, "அருள் நிறைந்த மரியே" என்று தொடங்கினார். குண்டு எங்கோ தூரத்தில் விழுந்தது.

அவர்கள் திரும்பி வந்தபோது சந்தியோகு நிலத்தில் கிடந்தார். காலில் கட்டியிருந்த துணி சிவந்து கிடந்தது.

"அண்ணை..." என்று கனகரத்தினம் வாசலிலேயே நின்றுவிட்டான். "என்ரை கால் தன்ரை பாட்டிலை ஓடிட்டுதண்ணை."

"ஓமடா தம்பி. உனக்கு இரண்டு கிடக்கு" என்றார் சந்தியோகு.

பரமலிங்கம் சால்வையால் முகத்தைத் துடைத்தார். "நல்ல காலம், ஒருத்தருக்கும் ஒண்டுமில்லை."

"ஒன்பது பேர் எண்டு எண்ணினால் உண்மைதான், ஐயா."

அன்றைக்குக் கனகரத்தினம் அவரைச் சைக்கிள் பாரில் இருத்தி முகாமில் கொண்டுவந்து விட்டான். இறக்கும்போது சந்தியோகு சொன்னார்: "முதலாளியிட்டைச் சொல்லு. நான் தானா எழும்பக்கூடிய ஒரு இருக்கை, எல்லாருக்கும் நடுவிலை. அது இல்லாட்டி நான் வரேல்லை."

பன்னிரண்டு நாள் அவர் போகவில்லை. மழை நாளில் வெங்காயத் தோட்டத்தில் வேலை இல்லை. நிவாரண மா ஒருவேளைக்குத்தான் காணும். இரவில் மரியநாயகி பானையைச் சுரண்டுகிற சத்தம் கேட்டது.

பதின்மூன்றாம் நாள் தியாகராசா குடை பிடித்துக்கொண்டு வந்தார். வகுப்பு வாசலிலேயே நின்றார்.

"நீர் இல்லாமல் கொட்டில் செத்த வீடு மாதிரிக் கிடக்கு. கை ஓடுதில்லை எண்டு எல்லாரும் அழுகினம். பரமலிங்கம் அண்ணையே வாய் விட்டுச் சொல்லிப்போட்டார், அவன் வேணும் எண்டு. கதிரை போட்டிருக்கிறன். கை வைச்ச கதிரை. நல்ல உயரம். உள்ளுக்கு, நட்ட நடுவிலை. எல்லாரும் சம்மதம்."

"மெய்யே?"

"பிள்ளையாராணை."

அவர் போன பிறகு மரியநாயகி சந்தியோகுவின் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "பாத்தியளே, கேட்டால் கிடைக்குது" என்றாள்.

காலையில் சந்தியோகு கொட்டில் வாசலில் போய் நின்றார். தியாகராசா பொய் சொல்லவில்லை. நட்ட நடுவில் கதிரை இருந்தது. கை வைத்த, முதிரை மரக் கதிரை. அந்த ஊரில் கலியாண வீட்டுக்கு மாப்பிள்ளைக்குப் போடுகிற மாதிரிக் கதிரை. அதைச் சுற்றி, கூரை வளையிலிருந்து நிலம் வரைக்கும், நாலு பக்கமும் சாக்குத் தைத்துத் தொங்கவிட்டிருந்தார்கள். உள்ளே போக ஒரு மடிப்பு. மேலே கிடுகை விலக்கி, வெளிச்சத்துக்கு ஒரு கண்ணாடித் தகடு புதிதாய்ப் போட்டிருந்தது.

"இது என்ன, முதலாளி?"

"புகையிலைத் தூசி. அது நெஞ்சுக்குக் கூடாது. உமக்கு இருமல் வந்திடும்."

"எனக்கு இருமல் இல்லை."

"வந்திடுமெல்லே? குரல் போனால் பிறகு என்ன செய்யிறது?"

ஒன்பது பேரும் பாயில் இருந்தார்கள். கனகரத்தினம் மட்டும் ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டுக் குனிந்தான். பரமலிங்கம் சொன்னார்: "போய் இரு. நல்ல கதிரை. என்ரை வீட்டுக் கதிரை அது, நான்தான் குடுத்தனான்."

சந்தியோகு சாக்கு மடிப்பில் கை வைத்தபடி நின்றார். திரும்பிப் போகலாம். ஊன்றுகோலைத் திருப்பினால் வாசல் நாலு எட்டுத்தான். மரியநாயகியின் தோலுரிந்த விரல் கண்ணுக்குள் வந்தது. இரவு அவள் பானை சுரண்டிய சத்தம் காதுக்குள் வந்தது. அவர் மடிப்பை விலக்கிக்கொண்டு உள்ளே போனார்.

கதிரை மெத்தச் சுகமாக இருந்தது. கால் நீட்ட இடம் இருந்தது. முதுகுக்குச் சாய்வு இருந்தது. நாலு பக்கமும் சாக்கு. பேப்பரை எடுத்து முதலில் பட்டியலைப் பார்த்தார். பிறகு, "இண்டைக்கு வானிலை நல்லா இருக்கும்" என்று தொடங்கினார். சாக்குக்கு அந்தப் பக்கத்தில் ஒரு பெருமூச்சுக் கேட்டது.

குரல் அடிவயிற்றிலிருந்து எழும்பியது. சாக்கைத் தாண்டிக் கொட்டிலை நிறைத்தது. அன்றைக்குத் தொடர்கதையில் நல்ல கட்டம். ஒன்பது பேரும் சிரித்தார்கள், "ஆகா" என்றார்கள், கடைசியில் அழவும் அழுதார்கள். "இப்பதான் கொட்டில் கொட்டில் மாதிரி இருக்கு" என்றார் பரமலிங்கம். "ஒருத்தருக்கும் மனக்குறை இல்லாமல் முடிச்சுப்போட்டன்" என்று தியாகராசா ஊரெல்லாம் சொல்லித் திரிந்தார். தொண்ணூற்றைந்து ஐப்பசியில் ஊரே இடம்பெயர்ந்து ஓடும்வரை, மூன்று வருசம், அந்தச் சாக்கு அங்கேதான் தொங்கியது.

ஆனால் நான் சொல்ல வந்தது முதல்நாள் பின்னேரத்தை. சந்தியோகு முகாமுக்குத் திரும்பி வந்தபோது மரியநாயகி வாசலில் நின்றாள்.

"என்னவாம்? கதிரை தந்தவையே?"

"ஓம். கை வைச்ச கதிரை. முதிரை."

"உயரமே?"

"நல்ல உயரம். நானே எழும்பினன். ஒருத்தரும் பிடிக்கேல்லை."

"மாதாவே! அப்ப இனி நீங்களும் ஆக்களுக்கை, எல்லாருக்கும் நடுவிலை இருந்துதான் வாசிக்கிறியள்."

சந்தியோகு ஊன்றுகோலைச் சுவரில் சார்த்தினார். அது சரிந்து விழப் பார்த்தது. திரும்ப எடுத்துக் கவனமாகச் சார்த்தினார். அவளைப் பார்க்காமலே சொன்னார்:

"ஓமப்பா. ஆக்களுக்கைதான்."

கதை இவ்வளவுதான், என்ரை ராசாத்தியள், ராசாக்கள். மனம் நொந்திருந்தால் இந்தக் கிழவியை மன்னியுங்கோ. உங்கடை வீட்டு அடுப்பு ஒரு நாளும் அணையாமல் எரியட்டும். உங்கடை கிணறு வத்தாமல் இருக்கட்டும். வெளியிலை போன பிள்ளையள் உயிரோடை திரும்பி வரட்டும். உங்கடை வாசலுக்கு வாறவை ஆராயிருந்தாலும், முகம் பாத்துச் சிரிச்சு உள்ளுக்குக் கூப்பிடுற மனசு உங்கடை வீட்டிலை தலைமுறை தலைமுறையா இருக்கட்டும். நல்லா இருங்கோ.